முகூர்த்தத்துக்குக் காயவைத்த பை

எங்கள் வார்டில் எனக்குப் 'பை சிஸ்டர்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்வது அது. முதுகுக்குப் பின்னால் சொல்கிற பெயரை இங்கே எழுதினால், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் என்னைத் திட்டுவார்கள். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு நடுத்தர மருத்துவமனையில், வயிறு, குடல் ஆபரேஷன் வார்டில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். குடலில் ஓட்டை விழுந்தவர்கள், அடைப்பு வந்தவர்கள், கட்டி வந்து குடலை வெட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என் கையில்தான் வந்து விழுவார்கள். அவர்களில் சிலருக்குக் குடலின் ஒரு பாகத்தை வெளியே இழுத்து, வயிற்றுத் தோலில் ஒரு வாய் மாதிரி வைத்துத் தைத்துவிடுவார்கள். மலம் அந்த வழியாக வரும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்ட வேண்டும், நிறைந்தால் கொட்ட வேண்டும், மூன்று நாளைக்கொரு முறை பிய்த்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். இதைச் செய்வதும் கற்றுக்கொடுப்பதும் என் வேலை.

நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது சுலபம். வேறு வழியில்லாதவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். வீட்டுக்காரர்கள்தான் வேடிக்கை. முதல்தடவை நான் பையைத் திறக்கும்போது கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் யார் யார் எத்தனை அடி பின்னால் போகிறார்கள் என்று பார்ப்பேன். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்த கணவர், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். அம்மாவைக் கடவுள் என்று வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போடுகிற மகன், "இன்ஃபெக்‌ஷன் வருமா சிஸ்டர்?" என்று கர்ச்சீப்புக்குள்ளிருந்து கேட்பான். எனக்கு அதில் ஒரு குரூரமான சந்தோஷம் உண்டு. மேஜை டிராயரில் பெட்டி பெட்டியாக மாஸ்க் இருக்கும். வேண்டுமென்றே எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

நான் சொல்லப்போகிற அம்மாள் பங்குனி கடைசியில் வந்தாள். மாடம்பாக்கம் பக்கம், ஒருகாலத்தில் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் அபார்ட்மெண்டுகளாகி, இப்போது மெயின் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையும் வாடகைக்கு விட்ட கடைகளும். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். சுகர் உண்டு, பிரஷர் உண்டு. பத்து நாளாகக் காய்ச்சல். மெடிக்கல் ஷாப் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பொண்ணுக்குப் புடவை எடுக்க அலைந்திருக்கிறாள். டைபாய்டு முற்றிச் சிறுகுடலில் ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வயிறு பலகையாக இறுகிக் கொண்டுவந்தார்கள். அவசர ஆபரேஷன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. முன்கூட்டியே தெரிந்த ஆபரேஷனாக இருந்தால், நோயாளியை உட்காரவைத்து, நிற்கவைத்து, புடவை கட்டவைத்து, பாவாடை நாடா எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பேன். அங்கேதான் சர்ஜன் குடலை எடுத்துவிட வேண்டும். இவளுக்கு யார் புள்ளி வைப்பது? சரியாக நாடா விழுகிற வரியிலேயே வைத்துத் தைத்திருந்தார்கள். புடவை கட்டுகிற பொம்பளைக்கு வயிறு எங்கே இறுகும் என்று எங்கள் சர்ஜன்களுக்கு இன்றுவரை தெரியாது. நாடா அழுத்தினால் பை விளிம்பு விட்டுவிடும். விளிம்பு விட்டால் கசியும். சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீராக வரும், தோலில் பட்டால் அமிலம் மாதிரி அரிக்கும்.

முதல் இரண்டு நாள் நான் பையைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் துண்டை விலக்கிக் குனிந்து பார்த்தாள். கீழுதட்டைப் பிதுக்கினால் தெரிகிற உள்பக்கம் போல, சிவப்பாக, ஈரமாக, தன் குடல்.

"இது எப்போ போவும் சிஸ்டர்?"

"மூணு மாசத்துல மறுபடியும் உள்ள வச்சு தச்சிடுவாங்க அக்கா. அப்புறம் பழையபடி எல்லாரும் போற மாதிரிதான்."

விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. "வைகாசியில எம் பொண்ணுக்கு கல்யாணம்."

"தள்ளி வைக்க முடியாதா?"

"மாப்ள ஆனில வெளிநாடு போறாரு. அப்பால ஆடி வந்துடும்." பிறகு கேட்டாள்: "மணைல உக்கார முடியுமா சிஸ்டர்? நான் தாரை வாக்கணும்."

அவர்கள் வழக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் தாரை வார்த்துக் கொடுப்பது பெற்றவர்களின் வேலை. பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து அப்பா பிடித்திருக்க, அம்மா அதன்மேல் சொம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பாள். அதற்குப் பிறகுதான் பெண் அந்த வீட்டுப் பெண். இவளுக்கு ஒரே பிள்ளை. அந்தச் சொம்பைப் பிடிக்கும் வாய்ப்பு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. புடவை, நகை, சீர்வரிசை எதைப் பற்றியும் அவள் என்னிடம் பேசியதில்லை. கேட்டதெல்லாம் அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னொருத்தியும் காத்திருந்தாள். ஓரகத்தி, அதாவது கணவரின் தம்பி பெண்டாட்டி. ஒரே காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்த வீடு. தினமும் பிளாஸ்கில் காபி கொண்டுவருவாள். கொண்டுவந்து, கட்டிலிலிருந்து இரண்டு கட்டில் தள்ளி ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். நான் அப்போதுதான் புதுப் பை மாட்டித் துடைத்து, டெட்டால் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போயிருப்பேன். அப்போதும் மூக்கை இரண்டு பக்கமும் திருப்பி, "இன்னாமோ வாட வருதே" என்பாள். பிறகு இரக்கமாகச் சொல்வாள்: "உனுக்கு முடியலன்னா நான் உக்காந்துக்கறேன்க்கா. நானும் அதுக்கு அம்மா மாதிரிதானே." கட்டிலில் கிடப்பவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வாள். சித்திரை வெயிலில் வார்டே வெந்துகொண்டிருக்கும்.

டிஸ்சார்ஜுக்கு முதல்நாள் லிஃப்ட் அருகே அந்தப் பெண் என்னைப் பிடித்தாள். கல்யாணப் பெண். ஓ.எம்.ஆரில் ஏதோ கம்பெனி, கழுத்தில் அடையாள அட்டை. நல்ல களையான முகம். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

"சிஸ்டர், ஒரு ஹெல்ப். அம்மா இந்த கண்டிஷன்ல மணவறைல உட்காரக் கூடாதுன்னு நீங்களே சொல்லிடறீங்களா? டாக்டர் சொன்ன மாதிரி. நாங்க சொன்னா அழுவாங்க."

"ஏன் உட்காரக் கூடாது?"

"ஹோமத்துக்கு முன்னாடி... அந்த பேக்கோட... மாப்பிள்ளை வீட்ல ஆச்சாரம் ஜாஸ்தி சிஸ்டர். லீக் ஆச்சுன்னா? வீடியோ வேற ஓடிட்டு இருக்கும். சித்தி ரெடியா இருக்காங்க. அம்மாவே வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடும், யாருக்கும் கஷ்டம் இல்ல."

எனக்குக் கோபம் வந்தால் மெதுவாகப் பேசுவேன். மெதுவாகவே சொன்னேன்: "உன் வயித்துக்குள்ளயும் அதேதாம்மா இருக்கு. ஹோமத்துக்கு முன்னாடி நீயும் அதை வச்சுக்கிட்டுத்தான் உட்காரப்போற. உன்னோடது வெளிய தெரியல, அவ்ளோதான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஓவரா பேசறீங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனாள். அன்றைக்கு முடிவு செய்தேன், அந்த அம்மாளை மணவறையில் உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று. அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிக்கு மேல் அந்தப் பெண்ணின் மூக்கை உடைக்கத்தான்.

செவ்வாய்க்கிழமைதோறும் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தாள். டிரெஸ்ஸிங் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒத்திகை நடத்தினோம். பாவாடை நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டு அகலமான எலாஸ்டிக் தைத்து, தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டவைத்தேன். கொசுவம் பையின்மேல் விழாமல் இடப்பக்கம் தள்ளினோம். கல்யாணப் பட்டுப்புடவையையே பையில் சுருட்டிக் கொண்டுவந்தாள், அரக்கு நிறம். தரையில் விரிப்பைப் போட்டு, சம்மணமிட்டு ஒரு மணி நேரம் உட்கார் என்பேன். முதல் வாரம் கசிந்தது. இரண்டாம் வாரம் கசிந்தது. மூன்றாம் வாரம் எழுந்து நின்று, புடவையை விலக்கிப் பார்த்து, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து, "காஞ்சி கீது சிஸ்டர்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். அந்த வார்டில் பதினெட்டு வருஷத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். முருகன் என்னத்தைக் கிழித்தார், எலாஸ்டிக் தைத்தது நான்தானே என்று மனதுக்குள் நினைத்தேன்.

சாப்பாடு சொல்லிக்கொடுத்தேன். வேர்க்கடலை வேண்டாம், முருங்கைக்காய் வேண்டாம். ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, பொரி எல்லாம் போகிறதைக் கெட்டியாக்கும். சிறுகுடலிலிருந்து பை வைத்தவர்களுக்கு உடம்புத் தண்ணீரும் உப்பும் பை வழியாகவே ஓடிவிடும். அதனால் உப்புச் சர்க்கரைக் கரைசல் தினமும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை முதல் வாரம் சொன்னேன். நிச்சயமாகச் சொன்னேன். ஒரு தடவை.

கல்யாணத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவள் கேட்டாள்: "அன்னிக்கு மட்டும் பைல ஒண்ணுமே வராத இருக்க வழி இன்னா சிஸ்டர்?"

வழி இருக்கிறது. பை வைத்தவர்கள் பஸ்ஸில் ஊருக்குப் போக, சாவு வீட்டில் உட்கார, எல்லாரும் செய்வதுதான். "முந்தின நாள் சாயந்திரத்துலேர்ந்து தண்ணியைக் குறைச்சுக்குங்க அக்கா. ஜவ்வரிசிக் கஞ்சியைக் கெட்டியாக் காய்ச்சி ரெண்டு வாய். காலைல ஒண்ணும் வேண்டாம். தாலி ஏறினதும் உப்பு சர்க்கரை கலந்து ஒரு சொம்பு குடிச்சிடுங்க."

அரை நாள் கணக்கு அது. அரை நாளில் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆனால் கத்திரி வெயில், சுகர், தண்ணீரை இழுத்து வெளியே தள்ளுகிற பிரஷர் மாத்திரை, கல்யாண வீடு, இதெல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. அரை நாளைக்குமேல் ஒரு நாழிகைகூடக் கூடாது என்று அழுத்திச் சொல்லவும் இல்லை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு வார்டு போனில் கூப்பிட்டாள். வீட்டுக்குப் போன நோயாளிகள் கூப்பிட்டால் பேசுவதற்கென்று ஒரு போனும், பேசியதை எழுதுவதற்கென்று நீல அட்டை போட்ட நீள நோட்டும் கவுண்டரில் இருக்கும்.

"சிஸ்டர், பை சூப்பரா கீது. காத்தாலேர்ந்து ரெண்டு ஸ்பூன்தான் வந்துகீது."

"எப்படி அக்கா?"

"நீங்க சொன்னதத்தான் செஞ்சிகினு கீறேன்."

நான் உரக்கச் சிரித்தேன். "அப்படித்தான்! யாரும் மூக்கைச் சுளிக்கலையே?"

"ஓரகத்தி பக்கத்துலயே வந்து உக்காந்து மோந்து மோந்து பாக்கறா. அவளுக்கு ஒண்ணுமே கெடைக்கல சிஸ்டர்!"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போது அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கல்யாண வீட்டில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "ஒண்ணுக்கு சரியாப் போறீங்களா, என்ன நிறத்துல போகுது?" நர்ஸிங் முதல் வருஷம் படிக்கிற பெண்கூட இதைக் கேட்டிருப்பாள். லிட்டர் கணக்கில் ஓட வேண்டிய பை திடீரென்று காய்ந்தால் அது நல்ல சேதி இல்லை என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் நான். ஆனால் எனக்கு அது அந்த லிஃப்ட் அருகே நின்ற பெண்ணைத் தோற்கடித்த சேதியாகக் கேட்டது. நோட்டில் 'பை நன்றாக உள்ளது, கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பந்தக்கால் நட்ட அன்றைக்கே வீடு நிறைய விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம். கீழ்வீட்டில் இருந்தது ஒரே பாத்ரூம். பையைக் கொட்ட வேண்டுமென்றால் ஓரகத்தியின் பிறந்த வீட்டு ஆட்களோடு வரிசையில் நிற்க வேண்டும். வெளியே வந்தால் அடுத்து உள்ளே போகிறவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து இவள் தண்ணீரை விட்டுவிட்டாள். முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து என்று நான் சொன்னதை ஐந்து நாளாக நீட்டிக்கொண்டாள். பிரஷர் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தாள், போகாமல் இருப்பேனா? கிழக்குத் தாம்பரத்தில் மண்டபம், காலை முகூர்த்தம். மூன்றாவது வரிசையில் ஓரமாக நாற்காலி பிடித்து உட்கார்ந்தேன். நாதஸ்வரம் ஒரு பக்கம், குளிர்பானம் கேட்டு அழுகிற குழந்தைகள் ஒரு பக்கம்.

அவள் மணமகள் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அரக்குப் புடவை நாங்கள் பழகின மாதிரியே கட்டியிருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது, கண் குழியில் விழுந்திருந்தது. எனக்குப் பின்வரிசையில் ஒரு பொம்பளை, "பாவம், கல்யாண அலைச்சல்" என்றாள். அலைச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். உடம்பில் தண்ணீர் வற்றியவர்களின் கண்ணை நான் எத்தனை கட்டிலில் பார்த்திருக்கிறேன்! எழுந்து போய் அவளை நிறுத்தியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம்தானே, தாலி ஏறினதும் நானே போய்க் குடிக்கவைக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஹோமப் புகையில் எல்லாருக்கும் வியர்த்தது. அவளுக்கு வியர்க்கவில்லை. சொம்பை எடுத்தாள். கணவர் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துப் பிடித்தார். தண்ணீர் முதலில் தரையில் கொஞ்சம் சிந்தி, பிறகு சரியாக அந்தக் கைகளின் மேல் விழுந்தது. ஓரகத்தி பின்னால் நின்றுகொண்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாலைத் தட்டைப் பார்த்தாள். கல்யாணப் பெண் குனிந்த தலையை ஒரு தடவை நிமிர்த்தினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் கசியவில்லை. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

தாலி ஏறியதும் போட்டோ எடுக்க மேடையில் கூட்டம் ஏறிவிட்டது. அவளை நெருங்க முடியவில்லை. கொஞ்சம் கலையட்டும் என்று பந்திக்குப் போனேன். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான் பாயசத்துக்கு இலையை வழித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் மாடி அறையில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாளாம். நான் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, மேடையைத் திரும்பிப் பார்த்தேன், அவளைக் காணவில்லை. சம்பந்தி வீட்டோடு இருப்பாள், ஒரு சொம்பு குடித்திருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

மூன்றாம் நாள் காலை டூட்டிக்கு வந்தபோது, அவசரப் பிரிவிலிருந்து எங்கள் வார்டுக்கு மாற்றும் பட்டியலில் அவள் இருந்தாள். கை கால் இழுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு நாளாகச் சிறுநீர் ஒரு சொட்டு இல்லை. மறுவீட்டு விருந்து முடியட்டும் என்று வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். கிட்னி இரண்டும் நின்றுவிட்டது, உடனே டயாலிசிஸ் என்று எழுதியிருந்தது.

ஒரு நர்ஸ் அப்போது என்ன செய்ய வேண்டும்? கட்டிலுக்கு ஓட வேண்டும். நான் கவுண்டருக்குப் போனேன். நீல நோட்டைத் திறந்தேன். அவள் போன் செய்த தேதியில் என் கையெழுத்துக்கும் அடுத்தவள் எழுதியதற்கும் நடுவே இரண்டு வரி இடம் இருந்தது. எழுதினேன்: 'தினமும் இரண்டு லிட்டர் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்க வலியுறுத்தப்பட்டது. நோயாளி மறுத்தார்.' அன்றைக்கு எழுதியது நீலப் பேனா, கையில் இருந்தது கறுப்பு. டிராயரைக் குடைந்து நீலப் பேனாவைத் தேடி எடுத்து எழுதினேன். பயத்தில் கை தானாக எழுதிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாமல் செய்வது அந்தப் பேனாவைத் தேடிய ஒரு நிமிஷம்தான். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்று டயாலிசிஸுக்குப் பிறகு அவளுக்கு நினைவு சரியாக வந்தது. அன்றைக்கு ரவுண்ட்ஸில் எங்கள் சர்ஜன் கட்டிலருகே நின்று கத்தினார். கத்துவது அவர் வழக்கம், ஆனால் அன்றைக்கு நியாயமாகவே கத்தினார். புதுத் தாலியும் மஞ்சளுமாக அந்தப் பெண் அம்மாவின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"பைல தண்ணியாப் போகுதுன்னா குடிக்கணும்னு தெரியாதாம்மா? அடுத்த மாசம் பையை எடுத்துடலாம்னு இருந்தேன். இப்ப இந்த கிட்னியை வச்சுக்கிட்டு எந்த மயக்க டாக்டர் வருவாரு?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், அட்வைஸ் பண்ணீங்களா இல்லையா?"

நோட்டு என் கையில் தயாராக இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கிச் சத்தமாகப் படித்தார், "நோயாளி மறுத்தார்" என்பதை இரண்டு தடவை.

"பாருங்க சார்" என்றாள் அந்தப் பெண். "சிஸ்டர் இவ்ளோ சொல்லியும் கேக்கல. மணவறைல உட்காரணும்னு ஒரே பிடிவாதம். எங்க யாரு பேச்சையும் கேக்கல." சொல்லிவிட்டு, ஆதரவுக்கு என்னைப் பார்த்தாள். லிஃப்ட் அருகே யாரை அப்படி மட்டம் தட்டினேனோ, அவளும் நானும் இப்போது ஒரே கட்சி. நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கட்டிலில் கிடந்தவள் நோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உதடு வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. என் பதினெட்டு வருஷமும் அந்த உதட்டில் நின்றது.

"ஆமா சார்" என்றாள். "சிஸ்டர் சொன்னாங்கோ. நான்தான் கேக்கல. எனக்குத்தான் புத்தி இல்ல."

சர்ஜன் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பையை எடுக்கிற பேச்சே இனி வேண்டாம் என்று போகிறபோக்கில் கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னார். நான் திரையை இழுத்துவிட்டு, கையுறை மாட்டி, போர்வையை விலக்கினேன். டிரிப்ஸ் ஏறி ஏறிப் பை நிறைந்து உப்பியிருந்தது. நான் பையின் வாயில் கையை வைத்ததுமே அந்தப் பெண், "ஒரு கால் பேசிட்டு வந்துடறேன்" என்று திரைக்கு வெளியே போய்விட்டாள்.

"அக்கா, நான் அந்த நோட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"வுடு" என்றாள். அதுவரைக்கும் 'நீங்க' என்று பேசியவள். அவள் குரலில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. "நான் உள்ளதச் சொல்லி, ஒன்ன வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னா, நாளைக்கு இத்த யாரு தொடுவா? அவளா?" என்று திரையைக் கண்ணால் காட்டினாள்.

நான் குனிந்துகொண்டேன்.

"ரொம்பிடுச்சி பாரு" என்றாள். "கொட்டு."